பழைய வீட்டு அருங்காட்சியகத்தில் பருவந்தோறும் நிகழ்ச்சிகள் நடத்துவது எப்படி? வட ஆற்காட்டு ஊர் ஒன்றின் பழக்கம்

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், முன்பு கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்கு எழுதும் வேலை பார்த்த குடும்பத்தின் வீட்டை ஊரார் சேர்ந்து அருங்காட்சியகமாகப் பேணி வருகிறோம். தெருத் திண்ணை, நடை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், கணக்கு அறை, சமையற்கட்டு, பின்கட்டில் கிணறும் மாட்டுத் தொழுவமும் என்று வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கங்களில் எவரும் பார்த்திருக்கக்கூடிய வீடுதான் அது. திறந்த முதல் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள், சுற்றிக் காட்டினோம், போனார்கள். ஊர்க்காரர்களோ ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. பருவத்தையொட்டி நிகழ்ச்சிகள் நடத்தத் தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டில் மறுபடியும் ஆள் நடமாட்டம் உண்டானது. இதே போன்ற வீட்டைப் பேணி வருபவர்களுக்கும், பேண எண்ணியிருப்பவர்களுக்கும், ஓர் ஆண்டின் நிகழ்ச்சிகளை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது, எதைச் செய்யாமல் விடுவது என்பதை எங்கள் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நாங்கள் வைத்திருப்பது ஒரே விதி. அந்தப் பருவத்தில் அந்த வீட்டில் என்ன வேலை நடந்ததோ, அதையே நிகழ்ச்சியாக்க வேண்டும். பட்டிமன்றமும் பாட்டுக் கச்சேரியும் நல்லவைதான், ஆனால் அவற்றைக் கல்யாண மண்டபத்தில் நடத்திக்கொள்ளலாம். நெல் அளந்த கூடத்தில் நெல்லை அளக்கும்போதும், வடாம் காய்ந்த மாடியில் வடாம் காயும்போதும்தான், கண்ணாடிப் பெட்டிக்குள் ஊமையாகக் கிடந்த பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் வாய் திறக்கிறார்கள். நிகழ்ச்சியின் பயன் கூட்டம் சேர்வதில் இல்லை, அந்தப் பேச்சில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு பெரிய தாள்

சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் போட்ட ஒரு பெரிய தாளை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் வாழ்ந்தவர்களிடமும், அந்த வீட்டில் வேலை செய்தவர்களிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். இரு சாராரிடமும் பேச வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு தாள்களும் ஒன்றாக வருவதில்லை. எங்கள் வீட்டில் வாழ்ந்த குடும்பத்தின் பெரியவர் சொன்ன ஆண்டில் நவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் பெரியவை. அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளியவர் சொன்ன ஆண்டிலோ, களத்திலிருந்து நெல் வந்து இறங்கிய வாரமும், கிணறு தூர் வாரிய கோடையும்தான் இருந்தன.

கட்டங்களை நிரப்பியபின், காலியாக இருப்பதைக் காலியாகவே விடுங்கள். எங்கள் தாளில் ஆவணியும் பங்குனியும் காலி. அந்த மாதங்களில் வீட்டைத் திறந்து வைக்கிறோம், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்து நிகழ்ச்சிகளை உண்டாக்கினால், நடத்துபவர்கள் களைத்துப்போவார்கள், வருபவர்களுக்கும் சலித்துவிடும். அதே போல, அண்டை ஊரில் சிறப்பாக நடக்கிறது என்பதற்காக, கொலு வைக்கும் வழக்கம் இல்லாத வீட்டில் கொலு வைக்காதீர்கள். அந்த வீட்டில் ஆயுத பூசை நடந்திருக்குமானால், ஏர், நுகத்தடி, மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைச்சால், மாடு ஓட்டும் தார்க்குச்சி ஆகியவற்றைத் துடைத்து வரிசையாக வைத்து, அவற்றைப் பிடித்த கை இன்னும் ஊரில் இருந்தால் அவரையே பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக, பொருள்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். உரல், ஆட்டுக்கல், எந்திரக்கல், இரும்பு உலக்கைப் பூண், பித்தளைப் படி போன்றவை நிகழ்ச்சிகளில் புழங்கத் தக்கவை. மரக்கால், நெல் சேமிக்கும் குதிர், பழைய மரப்பெட்டி போன்றவற்றை நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று தொடவிடலாம். ஓலைச்சுவடி, கணக்குக் கட்டு, புகைப்படம், துணி ஆகிய மூன்றாம் வகையை எந்தத் திருவிழாவுக்காகவும் வெளியே எடுக்கக் கூடாது. மாவட்டத்துக்கே பெரிய மனிதர் வந்து கேட்டாலும் நகலைக் காட்டுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணை எழுதிய சிறு அட்டையைப் பருத்தி நூலால் கட்டியிருக்க வேண்டும். ஒட்டும் வில்லைகள் வேண்டாம், அவை பித்தளையில் கறையையும் மரத்தில் பசையையும் விட்டுவிடும்.

மார்கழிக் கடைசியும் தையும்

எங்கள் ஆண்டு உண்மையில் மார்கழிக் கடைசி வாரத்தில், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் தொடங்குகிறது. காரைச் சுவருக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் பூசுவதை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் பெயின்ட் படலம் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்காலத்தில் காரை உப்பிப் பொரிந்து கையோடு வந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பது எளிய வேலை, ஊரில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அதையே முதல் நிகழ்ச்சியாக்கினோம்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றும் வேலையை அனுபவமுள்ள பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும், பிள்ளைகள் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமே தவிர, கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கல் தண்ணீரில் விழுந்ததும் சற்று நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு சீறிக்கொண்டு வெடித்து, தொட்டி முழுவதும் சோறு கொதிப்பதைப் போலக் கொதிக்கத் தொடங்கும். அதைப் பார்த்த பிள்ளைகள், சுவருக்குள் இருக்கும் வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதை மறக்கவே மாட்டார்கள். சில நாள் ஊறவிட்டு, மேல் தெளிவை இறுத்து, துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சி சேர்த்து, நனைத்த சுவரில் மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிக்க வேண்டும். அடிக்கும் வேலையில் பெரிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அடிச்சுவரில் காவிப் பட்டை இழுப்பதைக் கோலம் போடும் கை பழகிய பெண்களிடம் விட்டுவிடுங்கள், நூல் பிடித்தது போல வரும்.

போகி அன்று பழையதை எரிப்பார்கள். அன்று காலை நாங்கள் திண்ணையில் ஒரு மேசை போட்டு, எரிக்கவோ எடைக்குப் போடவோ எண்ணிய பொருள்களை இங்கே கொண்டுவந்து காட்டும்படி தெருத் தெருவாகச் சொல்லி வைக்கிறோம். வருபவற்றில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவோம். எல்லாவற்றையும் வாங்கி அடைக்கும் வீடு விரைவில் கிடங்காகிவிடும். ஆனால் அந்த மேசையில்தான் ஒரு ரேஷன் அட்டையும், ஒரு தறியின் ஓடமும், ஈயம் பூசிய பித்தளைக் குடமும் எங்களுக்குக் கிடைத்தன. கொடுப்பவரிடம் அது என்ன, யாருடையது, எப்படிப் பயன்பட்டது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டால், நாளைக்கு அவர் நினைவில் அது இருக்காது.

பொங்கலை முற்றத்தில் வைக்காதீர்கள், வாசலில் வையுங்கள். முற்றத்துப் புகை தாழ்வாரத்து மரங்களில் கரியாகப் படியும், அதைத் துடைக்கத் துடைக்க மரத்தின் எண்ணெய்ப் பளபளப்பும் போய்விடும். சாப்பாட்டுக்கு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் குழம்பு வைத்தால் போதும். அணைக்கட்டுப் பக்கத்து மண்ணில் விளையும் அந்தக் காயின் காம்பு முள்ளைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நெல் அளக்கும் நாள். கூடத்தில் பாய் விரித்து, இரண்டு மூட்டை நெல்லைக் கொட்டி, ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் ஆகியவற்றை வரிசையாக வைக்கிறோம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதை வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுக்காமல், பிள்ளைகளையே அளந்து கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஒன்று என்பதற்குப் பதிலாக லாபம் என்று தொடங்கி, லாபம், இரண்டு, மூன்று என்று ராகத்தோடு அளக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

இரண்டாம் ஆண்டு அந்த நாளில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். இளம் வயதில் அந்த வீட்டில் நெல் குத்திய ஆயா ஒருவரை அழைத்திருந்தோம். நாங்கள் வாசலில் காத்திருக்க, அவர் பழக்கத்தால் பின்வாசலுக்குப் போய் நின்றிருந்தார். முன்வாசல் வழியாக அவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான் முதல் முறை. கூடத்தில் உட்கார்ந்து, வரிசையில் இருந்த இரண்டு பித்தளைப் படிகளையும் கையில் எடுத்துப் பார்த்தவர், “இது வாங்குற படி, அது குடுக்குற படி” என்றார். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நாங்கள் இரண்டுக்கும் ‘படி, பித்தளை’ என்றே எழுதி வைத்திருந்தோம். ஒரு பையன் ஆழாக்கை எடுத்து அளந்தான். முதல் படி எட்டு ஆழாக்குக் கொண்டது. கூலி அளந்த படி ஏழு ஆழாக்கிலேயே நிறைந்துவிட்டது, எட்டாவது ஆழாக்கு நெல் பாயில் சிந்தியது. அதுவும் தலைதட்டித்தான் அளப்பார்கள் என்று ஆயா சேர்த்துச் சொன்னார். கூடத்தில் அந்தக் குடும்பத்தின் பெரியவரும் இருந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை அப்படியே எழுதி வையுங்கள் என்று அவரே சொன்னார். இப்போது அந்த இரண்டு படிகளும் பக்கத்தில் பக்கத்தில், அவற்றின் உண்மையான பெயர்களோடு இருக்கின்றன.

ஆகவே, எந்த நிகழ்ச்சியை நடத்தினாலும் முன்வாசலை அகலத் திறந்து வையுங்கள், பின்வாசல் வழியை அன்று அடைத்துவிடுங்கள். திண்ணைக்கு இப்பால் யார் வரலாம், நடை வரை யார் வரலாம் என்று அந்த வீட்டில் இருந்த கட்டுப்பாடுகளை மறைக்காமல் அந்தந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். அழைப்பு கொடுக்கப் போகும்போது ஊர்த் தெரு முழுவதும் போய்விட்டுக் காலனிக்கு மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்புவது, அழைக்காமல் இருப்பதைவிட மோசமானது. ஒரே ஆள், ஒரே நாளில், எல்லாத் தெருக்களுக்கும் நேரில் போக வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை

மாசி அமாவாசையில் வேலூர் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது சுற்றுவட்டாரமே அங்கே இருக்கும். அதோடு போட்டி போட வேண்டாம், திண்ணையில் நீர்மோர்ப் பானை வைத்தால் போதும். சித்ரா பௌர்ணமியில் வேலூரில் பூப்பல்லக்குகள் வரும் இரவுக்கும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் இதே விதிதான். நோன்பு மாதத்தில் மாலை நிகழ்ச்சிகளை வைக்காதீர்கள். வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் ஒவ்வோர் ஊரிலும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வரும் என்பதால் நம் தாளில் அதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குறிக்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலை ஒன்பதரைக்கு மேல் மாலை ஐந்து வரை எதையும் வைக்காதீர்கள். அந்த வெயிலே பயன்படும் வேலை ஒன்று உண்டு, வடாம் பிழிவது. விடியற்காலையில் சமையற்கட்டுக்கு வெளியே கூழ் கிண்டி, நாழி அச்சுகளில் அடைத்து, ஆறு மணிக்குள் மாடிக்குப் போய்விட வேண்டும். மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது நாங்கள் வைத்திருக்கும் வரம்பு. அந்தத் தளம் மர உத்தரங்களின்மேல் குத்துச்செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்டது. உத்தரத்தின் முனை சுவருக்குள் செல்லரித்திருந்தால் கீழிருந்து தெரியாது. உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் என்பதை ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டி முடிவு செய்யுங்கள். காய்ந்த வடாத்தை வந்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாளையும் நாங்கள் இந்த வேலையோடுதான் சேர்த்துக்கொள்கிறோம்.

இந்தக் காலத்தில்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும், அருச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று முடிவதும் வட ஆற்காட்டின் கோடையையே நிறைத்துவிடும். கூத்தை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், அதற்குத் தெருவும் இரவும் வேண்டும். ஆனால் ஊருக்கு வந்திருக்கும் கூத்துக் கலைஞர்களிடம் கேட்டு, ஒரு மாலை மட்டும் திண்ணையில் அவர்கள் வேடம் கட்டுவதைப் பிள்ளைகள் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அரிதாரம் பூசி, கண்ணுக்கு மையிட்டு, புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் ஏறி, கடைசியில் கிரீடம் தலைக்கு வரும்போது, சற்று முன்பு டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் துரியோதனன் ஆகிவிடுகிறார். அவர்களுக்குரிய சம்பளத்தை முன்கூட்டியே பேசி, முடிந்த கையோடு கையில் கொடுங்கள், ‘கலையை ஊக்குவிக்கிறோம்’ என்ற பெயரில் சும்மா வரச் சொல்லாதீர்கள். அரிதாரக் கறை சுண்ணாம்புச் சுவரை விட்டுப் போகாது, எனவே திண்ணைச் சுவரில் ஆளுயரத்துக்குப் பழைய புடவை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

ஆடி

ஆடிக் கூழுக்குக் கேழ்வரகை அந்த வீட்டு எந்திரக்கல்லிலேயே அரைக்கிறோம். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைச் சுற்ற, மூன்றாமவர் குழியில் கேழ்வரகைப் போட, முதல் அரை மணி நேரம் சிரிப்பாகவே போகும். அதற்குப் பிறகுதான் கை வலியும், அந்த வலியோடு பாட்டும் வரும். அந்தப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கலாம், ஆனால் பாடுபவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், யார் பாடியது என்று பெயரோடு குறித்து வையுங்கள். கல்லை முதல் நாளே கழுவிக் காயவைத்து, கையளவு தவிட்டைப் போட்டு ஒருமுறை அரைத்துக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூழில் மணல் கடிபடும். நம் பக்கத்தில் ஆடி, ஆவணி மாலைகளில் திடீரென்று இடியும் மழையும் வரும். ஆகவே அடுப்பு தொழுவத்துக் கூரைக்குக் கீழே இருப்பது நல்லது. ஆடிக் கிருத்திகை அன்று வள்ளிமலைக்கும் இரத்தினகிரிக்கும் காவடிகள் போகும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜூலை 10 ஆடிக்குச் சில நாள் முன்னதாக வரும். 1806-இல் அன்று அதிகாலை வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய வகைத் தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் அவர்கள் மனத்தைக் கொதிக்க வைத்திருந்தன, திப்பு சுல்தானின் குடும்பத்தாரும் அதே கோட்டைக்குள்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அதை அடக்கினார். ஆண்டுதோறும் கோட்டைக்கு எதிரே உள்ள நினைவுத் தூணில் மாலை வைக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், மாலையில் வீட்டு முற்றத்தில் அந்த நாளின் வரலாற்றைச் சொல்கிறோம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வீடு என்றால், திப்பு தங்கினார், கோட்டைக்குச் சுரங்கம் போகிறது என்றெல்லாம் சொல்வார்கள். சொல்பவரைத் தடுக்காதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பலகையில் எழுதும்போது ‘ஊரில் வழங்கும் கதை’ என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். அந்தக் கோட்டையில் உண்மையில் நடந்ததே போதிய அளவு பெரிது, அதில் நம் வீட்டை வலிந்து சேர்க்க வேண்டியதில்லை.

மழைக்காலமும் காகிதங்களும்

ஐப்பசியில் நிகழ்ச்சி வேண்டாம், அதற்கு முன்பே ஓடு மாற்றிவிடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை நிறைய ஓடியபோது எங்கள் வீட்டுக் கணக்கு அறையில் ஒழுகிய ஒரே ஓட்டால் மூன்று கட்டுகள் நனைந்துபோயின. அது எங்கள் கவனக்குறைவு. புரட்டாசிக்குள் கூரை ஏறிப் பார்ப்பது அதன் பிறகு தவறியதில்லை.

நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வருவதால், அதில் ஒரு நாளைப் ‘பத்திரம் படிக்கும் நாள்’ என்று வைத்திருக்கிறோம். கர்ணம், மணியம் (ஊர்த் தலைமை) ஆகிய பரம்பரைப் பதவிகளை 1980-இல் தமிழக அரசு ஒழிக்கும் வரை ஊர்க் கணக்கு இத்தகைய வீடுகளில்தான் எழுதப்பட்டது. அந்தத் தாள்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டாக எழுதியிருக்கும் எண்ணோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1340 என்றால், 1930 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. மாகாணி என்பது பதினாறில் ஒன்று, மா என்பது இருபதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒன்று. இதை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இரவு வரை எழுந்து போக மாட்டார்கள். பழைய முத்திரைத் தாள்களில் சித்தூர் என்று இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். 1911 வரை வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர்தான், அதன் பிறகே வேலூர் என்பதை விளக்குங்கள். 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானதும், 2019-இல் வேலூர் மூன்றானதும் வந்தவர்களில் பலருக்கே நினைவிருக்கும். படிப்பதற்கு நகல் மட்டுமே தர வேண்டும். இன்னொன்று, இன்று ஊரில் வாழும் குடும்பங்களின் கடன், பாகப்பிரிவினை, வழக்கு ஆகியவை உள்ள தாள்களைப் பொதுவில் வாசிக்காதீர்கள். அந்தக் குடும்பத்தார் கேட்டால் தனியே உட்கார்த்திக் காட்டுங்கள்.

கார்த்திகை

எங்கள் ஆண்டின் அழகான மாலை இதுதான், ஆபத்தானதும் இதுதான். அகல் விளக்கை நேரடியாகத் தரையிலோ மரத்திலோ வைக்கக் கூடாது. அகல் எண்ணெயைக் கசியவிடும், அந்தக் கறை தளத்தில் ஊறிவிடும். வாழையிலைத் துண்டின்மேல் வைத்து, அதன் கீழே ஒரு கைப்பிடி மணல் போடுங்கள். மாடங்களிலும் வாசலிலும் முற்றத்து ஓரத்திலும் மட்டும் விளக்கு, கணக்கு அறையிலும் பரண் ஏணி அருகிலும் விளக்கே இல்லை. மூன்று விளக்குக்கு ஒருவர் என்று ஆள் நிற்க முடியாவிட்டால் விளக்கைக் குறையுங்கள். மணல் வாளியும் தண்ணீர்க் குடமும் நிரப்பி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு மாவலி செய்யக் கற்றுக் கொடுக்கிறோம். பத்து நாள் முன்னதாக, ஆண் பனையின் காய்ந்த பூங்கதிர்களைச் சேகரித்து, சிறு குழியில் இட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் மறுநாள் கரியாகியிருக்கும். அந்தக் கரியை நுணுக்கிச் சலித்து, பழைய பருத்தித் துணியில் நீளவாக்கில் கொட்டிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அந்தச் சுருளை மூன்று பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, மேலே நீளமான கயிறு கட்டி, அடியில் ஒரு தணலை வைத்து ஊதினால் கங்கு பிடிக்கும். கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்றும்போது பொன் பொறி வட்டமாகக் கொட்டும். துணி இறுக்கமாக இல்லாவிட்டால் கரி மொத்தமாகச் சிந்திவிடும், மிக இறுக்கமானால் பொறியே வராது. இரண்டு மூன்று கெட்டுப்போன பிறகுதான் கை பழகும். இதை வீட்டருகே சுற்றவே கூடாது. நாங்கள் ஆற்று மணலுக்குப் போய்விடுகிறோம், வறண்ட பாலாறு அன்று ஒருநாள் அதற்குப் பயன்படுகிறது.

பந்தல், மின்சாரம், ஒலிபெருக்கி

ஒருமுறை பந்தல் போட வந்தவர்கள், நாங்கள் பார்க்காத நேரத்தில் நிலைக்கதவுச் சட்டத்தில் நான்கு ஆணிகளை அடித்துவிட்டார்கள். அந்த ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன. அன்றிலிருந்து, வேலைக்கு வருபவர்கள் தூணில் கயிறு கட்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கம்பம் நடுவது தெருவில்தான் என்று முதலிலேயே பேசி, அவர்கள் வேலை செய்யும் நேரம் முழுவதும் எங்களில் ஒருவர் உடன் நிற்கிறோம். வீட்டின் பழைய மின்கம்பியில் ஒலிபெருக்கியையும் வண்ண விளக்குகளையும் இணைக்காதீர்கள், தனி இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் அது கூடாது. உண்மையில் ஐம்பது பேருக்கு முற்றத்தில் ஒலிபெருக்கியே தேவையில்லை, அந்தக் காலத்து முற்றம் மெல்லப் பேசினாலே கேட்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஆள் வந்தால் பகுதி பகுதியாக உள்ளே விடுங்கள், காத்திருப்பவர்களுக்குத் திண்ணை இருக்கிறது. பெண்களுக்கான கழிப்பறை வசதியைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாத நிகழ்ச்சிக்கு வயதான பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள், நமக்கு வேண்டியதோ அவர்களுடைய பேச்சு.

சாப்பாட்டை வீட்டுக்குள் பரிமாறாதீர்கள். ஒரு சோற்றுப் பருக்கைக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் மற்றவை எல்லாம் வரும்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையை மூன்று பேராவது இதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருவர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்களை வாசிக்க, இன்னொருவர் பொருளைப் பார்த்து ‘இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். புழங்கிய உரலையும் எந்திரக்கல்லையும் கழுவி வெயிலில் வைத்து, ஈரம் முழுவதும் போன பிறகே உள்ளே எடுக்க வேண்டும். மூன்றாமவர், முந்தைய நாள் யார் எந்தப் பொருளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எங்கள் நோட்டில் அந்த ஆயா சொன்னது தேதியோடு ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் இரண்டு படிகளின் எண்களும், ஒன்றுக்கு எட்டு ஆழாக்கு, மற்றொன்றுக்கு ஏழு என்ற அளவும், அளந்த பையனின் கையெழுத்தும் இருக்கின்றன.